கடைசியில் வந்தவனின் கூலி

எங்கள் துறையில் அப்ரைசல் காலம் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு சதவீத ஹைக் வாங்கியவன் சந்தோஷமாகத்தான் கேன்டீனுக்கு வருவான். பக்கத்து டீமில் ஒருவனுக்குப் பதினைந்து என்று தெரிந்ததும் அவன் கையில் இருக்கும் காபி ஆறிப்போகும். அவன் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் எதையோ பறிகொடுத்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். பெல் கர்வ் இருக்கும் நிறுவனங்களில் இன்னும் மோசம். எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நின்றே ஆகவேண்டும். கணக்கு அப்படி.

நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். இதற்குப் பிரசங்கங்களில் தரப்படும் மருந்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். கடவுள் உன்னைத் தனியாகப் படைத்திருக்கிறார், உன் ஓட்டத்தை நீ ஓடு, பக்கத்தில் பார்க்காதே. தப்பில்லை. ஆனால் அதில் எனக்கு ரெண்டு சிக்கல். ஒன்று, பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. இன்னொன்றுதான் பெரியது. பல அநியாயங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வெளியே தெரிந்தன. ஒரே வயலில், ஒரே வேலைக்கு, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை ஒப்பிடாமல் எப்படிக் கேள்வி கேட்பது? மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்து 'ஒப்பிடாதே' என்றால், அது வாயை அடைக்கும் வேலை.

அப்படியானால் கிறிஸ்தவம் கடக்கச் சொல்வது எந்த ஒப்பீட்டை?

மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சைத் தோட்டக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டக்காரர் விடிகாலையில் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். அது ஒரு நாள் கூலி. பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய் ஆள் கூட்டி வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம்.

இந்தக் கதையில் எளிதாகத் தாண்டிப் போய்விடும் ஒரு விவரம் இருக்கிறது. கூலி கடைசியில் வந்தவர்களிடமிருந்து ஆரம்பித்துக் கொடுக்கப்படுகிறது. விடிகாலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய கூலி கிடைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பிரச்சினையே வந்திருக்காது. தோட்டக்காரர் வேண்டுமென்றே அவர்களைப் பார்க்கவைக்கிறார்.

பார்த்தபின் அவர்கள் வைக்கும் புகாரையும் கவனிக்கவேண்டும். தங்களுக்குக் கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்தான். ஆனால் முறையிடும்போது சொல்வது வேறு: இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்கிறார்கள். தன் கூலி குறைந்தது என்பதைவிட, அடுத்தவன் தன் பக்கத்தில் வந்து நின்றதுதான் வலிக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் புகாரை நிஜமாகவே எழுப்பியிருக்கிறார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பினார். அதுவரை தஞ்சாவூரில் ஆலயத்தில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்தில் யார் முன்னால், யார் பின்னால் என்பதையும் சாதி முடிவு செய்தது. அந்தக் கடிதத்தை ஏற்காமல் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிய வேதநாயக சாஸ்திரியார் வேறுபாட்டைக் காக்கும் அணியில்தான் நின்றார். அவர்கள் கையிலிருந்த அப்பத்தை யாரும் பிடுங்கவில்லை. அதே அப்பம், அதே இரசம். இன்னொருவனும் அதே வரிசையில் நிற்பான், அவ்வளவுதான்.

கோபாலபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து கதீட்ரல் ரோடு நடை தூரம். அந்த ரோட்டுக்குப் பெயர் தந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்தன. 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து 28 வருஷம் இழுத்ததற்கு முக்கியக் காரணம் ஓர் ஒப்பீடு: யாருடைய குருத்துவம் அசல்? அப்போஸ்தலர் வழி வந்த பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் செல்லும் என்பது ஆங்கிலிக்கன் தரப்பில் பலரின் நம்பிக்கை. மற்றவர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் நேற்றுவரை நீ கொடுத்த திருவிருந்து அரைகுறை என்று அதற்கு அர்த்தமாகிவிடும். கடைசியில், இனிமேல் பேராயர்களே அபிஷேகம் செய்வார்கள், ஏற்கெனவே போதகராக இருப்பவர்கள் அப்படியே போதகர்கள்தான் என்று முடிவானது. கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி. இங்கிலாந்தில் இதைப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. கவிஞர் டி. எஸ். எலியட் 1943-இலேயே இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார்.

இந்த இணைப்புக்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். அதுவும் ஒப்பீடுதான். ஆனால் யாரையும் கீழே இறக்கச் சொல்லாத ஒப்பீடு. 1945 ஜனவரியில் இறந்துபோனதால் இணைப்பை அவர் பார்க்கவில்லை.

1947-உடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்க ஒரு சுவர் கட்டினார்கள். அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக்கூடாது என்றால், இது வசதியைப் பற்றிய பொறாமை கிடையாது.

ஆகவே ஒப்பிடும்போது எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். அவனுடைய பதினைந்து நாளைக்கே பன்னிரண்டாகக் குறைந்தால் என் மனசு ஆறிவிடுமா? ஆறாது, எனக்கும் பதினைந்து வேண்டும் என்றால் அது நியாயம், தாராளமாக மேனேஜரிடம் போய்க் கேட்கலாம். ஆறிவிடும் என்றால், அங்கே முறுமுறுப்பது விடிகாலை ஆள்.

அந்த ஆளை எப்படிச் சமாளிப்பது? அடுத்தவனைப் பார்க்காதே என்ற அறிவுரை இங்கே உதவாது. அவனை இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கவேண்டும். நாளெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது மாலை ஐந்து மணி ஆட்கள், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். விடிகாலையில் சேர்ந்தவனுக்கு வெயில் இருந்தது, வியர்வை இருந்தது. ஆனால் ராத்திரி அடுப்பு எரியும் என்று காலையிலேயே தெரியும். மற்றவன் அது தெரியாமலேயே பகல் முழுக்க நின்றிருக்கிறான். லேஆஃப் ஆகி ரெண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் அந்த நிற்றல் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். சென்னையின் பல தெருமுனைகளில் காலையில் சித்தாள், கொத்தனார் வேலைக்குக் காத்து நிற்பவர்களுக்கும் தெரியும். பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடாவிட்டால், அன்று வேலையில்லை. சாயங்காலம் அவர்களில் ஒருவர் கைக்கு முழுநாள் கூலி வந்தால், நம்மிடமிருந்து என்ன குறைந்துபோகும்?