அன்றிரவு மாடு எதைத் தின்றது?

திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில் எங்கள் ஆலயத்தில் குடில் அமைப்பது வழக்கம். பொள்ளாச்சியில் தென்னங்கீற்றுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலை மட்டும் ஆனைமலைப் பக்கத்து வயல்களிலிருந்து வருவிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதை விரும்பிக் கொணர்ந்து தருபவர் ஒரு முதிய விவசாயி. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் குழந்தை இயேசுவின் குடிலில் தம் வைக்கோல் இருப்பதில் அவருக்கு ஒரு மனநிறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வைக்கோல் கட்டை இறக்கிவைத்துவிட்டு, பாதி முடிந்திருந்த குடிலின் முன் அவர் நெடுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: "ஏனுங் சாமி, கொழந்தையத் தொட்டியில படுக்க வெச்சுட்டா, அன்னைக்கு ராத்திரி மாடு எதைத் தின்னிருக்குமுங்க?"

நான் சிரித்துவிட்டேன். பின்னர், குருமடத்தில் கற்றதைச் சொன்னேன். நற்செய்தியாளர் லூக்கா தீவனத் தொட்டியை மும்முறை குறிப்பிடுகிறாரேயன்றி, மாட்டைக் குறிப்பிடவில்லை. மாடும் கழுதையும் குடிலில் இடம்பெறுவது பிற்காலத்து மரபு என்றேன். "அப்படீங்களா" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்தே எனக்குச் செய்தி தெரிந்தது. வேர் வாடல் நோயால் அவர் தம் தோப்பில் பாதி மரங்களை வெட்டிவிட்டிருந்தார். தீவனம் வாங்க வழியின்றி, இரண்டு மாடுகளுள் ஒன்றைச் சந்தையில் விற்றிருந்தார். எங்களுக்குத் தந்த வைக்கோல், எஞ்சிய மாட்டின் பங்கிலிருந்து எடுத்தது. அவர் எழுப்பியது விவிலிய ஐயம் அன்று. தம் கட்டுத்தரையில் இரவுதோறும் கண்ட பசியை அவர் பெத்லகேமிலும் கண்டார். நானோ நூலறிவை எடுத்துரைத்தேன்.

'முன்னணை' என்னும் பழைய சொல் பலருக்கு விளங்காதது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதனைத் 'தீவனத் தொட்டி' என்று தெளிவாகச் சொல்கிறது. அச்சொல்லைக் கேட்கும் உழவர் எவரும் முதலில் நினைப்பது மாட்டின் பசியைத்தான். நாமோ அந்தத் தொட்டியைத் தொட்டிலாக மட்டுமே கண்டு பழகிவிட்டோம்.

மாடும் கழுதையும் குடிலுக்குள் வந்ததற்கு இறைவாக்கினர் எசாயா காரணர். தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே அவர் வருந்துகிறார்: மாடு தன்னை வளர்ப்பவனை அறிகிறது, கழுதை தன் தலைவனின் தொட்டியை அறிகிறது, இறைமக்களோ தம் ஆண்டவரை அறியவில்லை. இங்கே 'அறிதல்' என்பது செய்திகளைத் தெரிந்துகொள்வது அன்று. மாலையில் பட்டி திரும்பும் மாடு வழி கேட்பதில்லை. உரியவரின் குரல் கேட்டதும் தலை தூக்குகிறது. தனிமனித நம்பிக்கை என்பதும் இதுவே. நம்பிக்கை அறிக்கையை நாம் பிழையின்றிச் சொல்லலாம். மறைக்கல்வித் தேர்வில் முதலிடம் பெறலாம். அவர் ஏழை ஒருவரின் குரலில் நம்மிடம் பேசும்போது தலை தூக்குகிறோமா? அந்த மாலையில் நான் தூக்கவில்லை.

முதியவரின் கேள்விக்கு விடை உண்டா? தூய அகுஸ்தீன் தம் பிறப்புவிழா மறையுரைகளில் ஒரு விடை தருகிறார்: தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவர் நமக்கு உணவானார். பெத்லகேம் என்ற பெயரே 'அப்பத்தின் வீடு' எனப் பொருள்படும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் தூய பிரான்சிஸ் அமைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. வைக்கோல் நிரப்பிய தொட்டியின்மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. குழந்தை கிடந்த இடத்தில் நற்கருணை. உணவின் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் அல்லர் அவர்; தாமே உணவாக வந்தவர்.

எனினும் இந்த விடையை அம்முதியவரிடம் சொல்லியிருந்தால் போதுமா? பசித்த மாட்டுக்கு இறையியல் தீவனமாகாது. பிரான்சிஸ் இதை அறிந்திருந்தார். பிறப்புவிழாவன்று செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தினும் மிகுதியாகத் தீவனம் தர வேண்டும் என்று அவர் விரும்பியதாக, அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிக்கிறார். நற்கருணையின் மறைபொருளை உணர்ந்தவரே தொட்டி காலியாயிருப்பதையும் கண்டார். இரண்டையும் பிரிப்பவர் எதையும் உண்மையில் காணவில்லை. வாக்கு மனிதரானார் என்று நம்புவோர்க்கு, வயிற்றுப் பசி விசுவாசத்திற்குப் புறம்பான செய்தியாக இருக்க இயலாது.

அவ்வாண்டு திருக்காட்சிப் பெருவிழா முடிந்து குடிலைப் பிரித்தபோது, அந்த வைக்கோலையும், பங்கு மக்கள் வாங்கிய சில கட்டுகளையும் அவரது கட்டுத்தரையில் கொண்டுபோய் இறக்கினோம். அதுமுதல் ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வருகிறோம். பெருஞ்செயல் அன்று, விற்ற மாடு திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது குடில் கட்டும்போதெல்லாம், இந்த வைக்கோல் யாருடைய தொட்டியிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு வாசகர்களே, இவ்வாண்டு நம் இல்லக் குடில்களின்முன் முழந்தாளிடும்போது நாமும் அதைக் கேட்போம். நம் விழாவுக்காக வெறுமையாகிப்போன தொட்டிகள் எவை? நம் புத்தாடைக்காகக் கூலி குறைந்தவர் யார்? தீவனத் தொட்டியில் கிடக்கும் பாலன், அவற்றைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக.