யாருடைய வேலை?

“போய் அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுடா கண்ணா.” நம் வீடுகளில் அன்பாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. வேலை அம்மாவுடையது, பிள்ளை செய்வது உபகாரம் என்று அதிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சின்னப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு எப்படிப் பழக்குவது என்று பேச்சு வந்தால் உத்திகளைத்தான் தேடுகிறோம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற ஸ்டார் அட்டவணை, தட்டு கழுவினால் பத்து ரூபாய், துணி மடித்தால் அரை மணி நேரம் மொபைல். அந்த வேலை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை.

இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. என் அக்கா சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் அவள் மகன் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான். ஒரு வெங்காயத்தைப் பத்து நிமிஷம் உரிப்பான். தோலை முறத்திலும் வெங்காயத்தைக் குப்பையிலும் போடுவான். யாருக்கோ உதவுவதாக அவன் நினைத்திருக்க மாட்டான். வீட்டில் ஒன்று நடக்கிறது, அதில் தானும் இருக்கணும், அவ்வளவுதான்.

ஃபெலிக்ஸ் வார்னகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடுகிறவர் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். 18 மாதக் குழந்தைகள் தத்தி நடந்து போய் எடுத்துக் கொடுத்தார்கள். பரிசு எதுவும் இல்லை. 2008இல் அவர்களே செய்த இன்னொரு ஆய்வில், உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு பெறாதவர்களைவிடப் பிறகு குறைவாகவே உதவினார்கள். இருந்த விருப்பத்தைக் கூலி கலைத்துவிடுகிறது.

விருப்பத்தைக் கலைப்பது கூலி மட்டுமில்லை. “தள்ளிப் போ, கொட்டிடுவே” என்பதும்தான். அப்படிச் சொல்கிற அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டணும்; கை இரண்டுதான். இன்னொரு பெரியவரின் கையும் அடுப்படியில் இருந்தால், குழந்தையின் மெதுவான கைக்கும் அங்கே இடம் இருக்கும்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 6 வயதிலிருந்தே எல்லோரையும் கணக்கில் எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில், பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையைச் செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். வெங்காயம் உரிக்க ஓடி வந்த பையன்கள் எல்லாம் எங்கே போனார்கள்? அதே தட்டைக் கழுவினால் அவனுக்குக் கைதட்டல்; தங்கைக்கு, “இப்பவே பழகிக்கோ, போற இடத்துல பேர் வாங்கணும்.”

பிள்ளையிடம் வேலை வாங்குவதே தப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்ததால் படிப்பை விட்ட அக்காக்கள் நிறைந்த ஊர் நம்முடையது. “எங்க கஷ்டம் எங்களோட போகட்டும்” என்கிற அவர்கள் குரலைத் தள்ளிவிட முடியாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே வேலைக்கு அமர்த்தத் தடை போட்டது. ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குடும்பத்துக்கு ‘உதவலாம்’ என்று விட்டுவைத்தது. பையன் செய்வதைப் பெரிதாக்கிக் காட்டுகிற சொல்தான், இன்னொரு பிள்ளையின் உழைப்பைச் சின்னதாக்கி மறைக்கவும் பயன்படுகிறது.

எனக்குத் தெரிந்த அளவுகோல் இரண்டு. பிள்ளை அன்றைக்குச் செய்யாமல் விட்டாலும் வீடு நின்றுவிடக் கூடாது. பிள்ளையிடம் கேட்பதை வீட்டிலுள்ள எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். சோபாவில் சாய்ந்தபடி “அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணு” என்று சொல்கிற அப்பாவிடமிருந்து பையன் வேலையைக் கற்றுக்கொள்வதில்லை. பெரியவனானால் இதெல்லாம் செய்ய வேண்டாம் என்பதைக் கற்றுக்கொள்கிறான். அவன் சீக்கிரம் பெரியவனாகத்தான் ஆசைப்படுவான்.

தமிழில் கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ உண்டு, உள்ளே சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ உண்டு. “வா, நம்ம பாத்திரத்தை நாமளே கழுவிடலாம்” என்பதில் அம்மாவும் இல்லை, ஹெல்ப்பும் இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர் முதலில் சோபாவிலிருந்து எழுந்திருக்கணும்.