அளவுகோலா, ஆளா?

1936 நவம்பர் 23. 'லைஃப்' இதழின் முதல் அட்டையில் மார்கரெட் பர்க்-ஒயிட் எடுத்த படம். மொன்டானாவில் அமெரிக்க அரசு கட்டிக்கொண்டிருந்த ஃபோர்ட் பெக் அணைக்கான மதகு. கோட்டை மாதிரி கான்கிரீட் தூண்கள். அடியில் எறும்பு சைசில் இரண்டு பேர். தூண் எவ்வளவு பெருசுன்னு காட்டத்தான் அவங்க.

அதே காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் ஓவியர்கள் போஸ்டர்கள் போட்டார்கள். 'கவனமாக வேலை செய்' என்றது ஒன்று. இங்கே தொழிலாளி அளவுகோல் இல்லை, அவனிடம்தான் பேச்சு. ஆனால் கவனம் முழுக்க அவன் பொறுப்பு என்றும் ஆகிவிடுகிறது.

1938 செப்டம்பர் 22 அன்று கட்டுமானத்தின்போதே அணையின் ஒரு பகுதி சரிந்து 8 பேர் செத்தார்கள். 6 பேரின் உடல் கிடைக்கவேயில்லை. எவ்வளவு கவனமா இருந்திருந்தாலும் காலுக்குக் கீழே சரியும் மண்ணை அவங்களால என்ன செய்திருக்க முடியும்?

பர்க்-ஒயிட்டுக்குத் தொழிலாளிகளைத் தெரியாமல் இல்லை. அவர்களுடைய மதுக்கடைகளும் முகங்களும் அதே இதழின் உள்பக்கங்களில் இருக்கின்றன. அட்டைக்குப் போனது தூண்.

அந்தப் படம் அழகுதான், ரசிப்பது தப்பில்லை. ஆனா ஒரு மனுஷனை அளவுகோலா நிறுத்திய படத்தை ரசிக்கிறவங்களுக்கு ஒரு கடன் இருக்கு: அவன் என்ன கூலிக்கு, எந்த ஆபத்தில் அங்கே நின்னான்னு கேட்கணும்.