ஆயாவின் சுருக்கங்கள்

ஆயா இறந்த அன்று, பெங்களூரிலிருந்து பென்னாகரத்துக்குப் பேருந்தில் வரும்போதே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்காக அவள் படத்தைப் போனில் திருத்தினேன். சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். பத்து நிமிட வேலை. சுருக்கங்களை மழித்தேன், நிறத்தைக் கூட்டினேன், மேலுதட்டுத் தழும்பை அழித்தேன். ஊர்க்காரர்கள் "லட்சணமா இருக்காங்க" என்றார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை எட்சிங் படங்களிடம் கொண்டுபோனது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்; அந்தப் பள்ளத்தில் தங்கும் மை தாளில் ஏறும். தப்பிய கோட்டை எடுக்கச் செம்பையே சுரண்ட வேண்டும். நம்ம 'அன்டூ' எல்லாம் அங்கே இல்லை.

1628இல் ரெம்ப்ராண்ட் ஒரு கிழவியின் முகத்தை இப்படிச் செய்தார். அவருடைய தாய் என்பது மரபு. உள்ளங்கைக்குள் அடங்கும் படம். அதில் இரக்கமும் இல்லை, ஒப்பனையும் இல்லை. ஒவ்வொரு சுருக்கத்தின் பின்னாலும் ஊசி நடந்திருக்கிறது.

அப்படியானால் சுருக்கத்தைக் காட்டினால் உண்மை, மறைத்தால் பொய்யா? அவ்வளவு சுலபமில்லை. கிராமத்துக் கிழவிகளின் சுருக்கத்தைப் பெரிதாக்கி, 'வறுமையின் அழகு' என்று கண்காட்சிச் சுவரில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். நான் ஆயாவை ஊருக்காகத் திருத்தினேன். அவர்கள் நகரத்துக்காகத் திருத்துகிறார்கள். இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

வங்காளத்து முகுல் தே 1916இல் தாகூரோடு ஜப்பான் போய், அங்கிருந்து அமெரிக்கா சென்று சிகாகோவில் எட்சிங் கற்றவர். அவருடைய உருவச்சித்திரங்கள் பலவற்றில் வரையப்பட்டவரின் கையெழுத்தும் இருக்கிறது. எனக்கு அது வெறும் ஞாபகார்த்தமாகத் தெரியவில்லை. 'ஆமாம், இது நான்தான்' என்று அந்த முகமே ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது. நேர்மையான யதார்த்தத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்: வரையப்பட்டவர் அதில் கையெழுத்துப் போடுவாரா?

ஆயாவுக்குக் கையெழுத்து தெரியாது, கைநாட்டுதான். பழைய பத்திரம் ஒன்றில் அது இருக்கிறது. மை தடவிக் காகிதத்தில் அழுத்திய ரேகைகள். அவளைப் பற்றி அவளே போட்டுக்கொண்ட ஒரே அச்சு.

காரியம் முடிந்ததும் திருத்தாத படத்தை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டினோம். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அழிக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் கேட்கவில்லை.