வாக்குச்சாவடி வாசலில் துப்பாக்கி

2020 அக்டோபர் 16. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. மிச்சிகன் மாநிலச் செயலர் ஜோசலின் பென்சன் ஓர் ஆணை பிறப்பித்தார்: வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 அடிக்குள் வெளியே தெரியும்படி யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில், கொரோனா கட்டுப்பாடுகளை எதிர்த்தவர்கள் ரைஃபிள்களோடு லான்சிங் நகரில் உள்ள சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வந்து நின்றிருந்தார்கள். ஆளுநர் கிரெட்சன் விட்மரைக் கடத்தத் திட்டமிட்டதாகச் சிலர் பிடிபட்டு அப்போது பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் ஆணை நிலைக்கவில்லை. அக்டோபர் 27 அன்று மாநில நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. விதிகளை இயற்றுவதற்கென்று உள்ள நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பது சட்டக் காரணம். வாக்காளரை மிரட்டுவது ஏற்கெனவே குற்றம், அந்தச் சட்டமே போதும் என்பது ஆணையை எதிர்த்தவர்கள் உரக்கச் சொன்ன வாதம்.

தேர்தல் தேதி வந்ததுமே உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இப்படியொரு வழக்கு நடந்ததே வியப்பாக இருக்கும். இந்தியாவில் துப்பாக்கி என்பது அரசு கொடுக்கும் உரிமம். பணியில் இருக்கும் காவலர் போன்றோரைத் தவிர வேறு யாரும் ஆயுதத்தோடு வாக்குச்சாவடிப் பக்கம் போனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134-பி பிரிவின்படி சிறைத் தண்டனை வரலாம். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் காக்கும் உரிமை. அங்கே இரண்டு உரிமைகள் ஒரே வாசலில் எதிரெதிரே நிற்கின்றன. ஆகவே அந்த மண்ணின் கணக்கிலேயே இதை எடைபோட வேண்டும்.

துப்பாக்கி தரப்பின் வாதத்தை அதன் பலவீனமான வடிவத்தில் எடுத்துக்கொண்டு வீழ்த்துவது எளிது. அதன் வலுவான வடிவம் டென்னசி மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1946 ஆகஸ்டில் மெக்மின் மாவட்டத் தேர்தல். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள், மாவட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருந்த ஊழல் கும்பலை எதிர்த்து வேட்பாளர்களை நிறுத்தினார்கள். மாவட்டக் காவலை நடத்தும் ஷெரீஃப் அலுவலகம் கும்பலின் கையில் இருந்தது. சாவடிதோறும் துப்பாக்கியோடு துணை ஷெரீஃப்கள். வாக்களிக்க வந்த வயதான கறுப்பின விவசாயி ஒருவரை அடித்து, பின்னாலிருந்து சுட்டார்கள். மாலையில் வாக்குப் பெட்டிகளைச் சிறைக்கட்டடத்துக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போர்வீரர்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துவந்து இரவெல்லாம் அந்தச் சிறையைச் சுட்டார்கள், வெடிவைத்தார்கள், பெட்டிகளை மீட்டார்கள். அவர்கள் நிறுத்திய வேட்பாளரே ஷெரீஃப் ஆனார்.

இதோடு இன்னொரு வரலாறும் சேர்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றபோது, அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. பாதுகாப்பு தர வேண்டிய ஷெரீஃபே முகமூடி போட்டுக்கொண்டு இரவில் வருகிற ஊரில், வீட்டுச் சுவரில் மாட்டிய துப்பாக்கி ஒன்றுதான் குடும்பத்துக்குக் காவல். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்பினத்தவர்கள் ஆயுதம் ஏந்திய தற்காப்புக் குழு ஒன்றைத் தொடங்கியது இந்தக் கசப்பிலிருந்துதான். ஆயுதத் தடை என்றதும் 'யார் கையிலிருந்து பிடுங்கப் போகிறீர்கள்?' என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கேள்வியை மதிக்காத எந்தப் பதிலும் அறத்தின் பெயரால் பேச முடியாது.

இந்த இரண்டு வரலாறுகளையும் கூர்ந்து பார்த்தால், அவை சாவடிக்குத் துப்பாக்கி கொண்டுவருவதற்குச் சான்று சொல்லவில்லை. ஏதென்ஸில் அன்று காலையிலேயே சாவடியில் துப்பாக்கிகள் இருந்தன. அவை அதிகாரத்தின் கையில் இருந்ததால்தான் தேர்தல் களவு போனது. இளைஞர்கள் துப்பாக்கி எடுத்தது வாக்குப்பதிவு முடிந்து, பெட்டிகள் கடத்தப்பட்ட பிறகு. ஒரு துப்பாக்கியும் இல்லாத சாவடி இருந்திருந்தால் அந்த இரவே தேவைப்பட்டிருக்காது. ஜோன்ஸ்பரோ குழுவினர் காத்தது வீடுகளையும் தெருக்களையும்.

தெற்கில் சாவடிக்குத் துப்பாக்கியோடு வந்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1898இல் வட கரோலினாவின் வில்மிங்டனில் 'சிவப்புச் சட்டைக்காரர்கள்' தேர்தலுக்கு முந்தைய நாட்களில் துப்பாக்கியும் கையுமாகக் குதிரையில் ஊரைச் சுற்றிவந்தார்கள். நவம்பர் 8 வாக்குப்பதிவு நாளில் கறுப்பின வாக்காளர்கள் ஏராளமானோர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளையர் கும்பல் நகர ஆட்சியையே துப்பாக்கி முனையில் கவிழ்த்தது, பலரைக் கொன்றது. அந்தப் படுகொலையை இன்று பலரும் அறிவார்கள். நவம்பர் 8 அன்று நடந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. வாக்கெடுப்பைக் கெடுக்க அன்று பெரிய சண்டை எதுவும் தேவைப்படவில்லை.

மிச்சிகனில் உரக்கக் கேட்ட வாதம் சறுக்குவது இங்கேதான். மிரட்டல் குற்றம், நடந்தால் தண்டிக்கலாம் என்கிறார்கள். தண்டிக்கப் புகார் வேண்டும். புகாருக்குப் புகார்தாரர் வேண்டும். ஒரு பெண் வேலைக்குப் போகும் வழியில் வாக்களிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்க்கிறார்: வாசலருகே தோளில் ரைஃபிள் தொங்க ஒருவர். அவர் யாரையும் திட்டவில்லை, யாரையும் நோக்கிக் குழாயை நீட்டவில்லை. அந்தப் பெண் வண்டியைத் திருப்புகிறார். அவர் பெயருக்கு எதிரே கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். சோம்பலால் வராதவரும் பயந்து திரும்பியவரும் பதிவேட்டில் ஒன்றுபோலவே இருப்பார்கள். பாதிக்கப்பட்டவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குற்றத்தை, நடந்த பிறகு தண்டிப்போம் என்று சொல்லி யாரையும் காக்க முடியாது.

2022 அக்டோபரில் அரிசோனாவின் மேசா நகரில் இது கண்முன்னே நடந்தது. தபால் வாக்குகளைப் போட வைத்திருந்த பெட்டி அருகே, படைவீரர் பாணி உடையில், முகத்தை மூடிக்கொண்டு, ஆயுதத்தோடு இருவர் காவல் இருந்தார்கள். வாக்கு மோசடியைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட குழுக்கள் ஆங்காங்கே வாக்காளர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தன. வழக்கு போனது. முதலில் நீதிபதி தடை தர மறுத்தார். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தடுத்தன. பிறகு நவம்பர் 1 அன்று அதே நீதிபதி, பெட்டியிலிருந்து 250 அடிக்குள் வெளியே தெரியும்படி ஆயுதம் ஏந்தவோ கவச உடை அணியவோ வழக்குக்கு உள்ளான குழுவினருக்குத் தடை விதித்தார். நல்ல ஆணை. ஆனால் முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து வந்த ஆணை. அதற்குள் பெட்டிக்கு அருகே வந்து திரும்பிப் போனவர்களுக்கு எந்த நீதிமன்றமும் எதையும் திருப்பித் தர முடியாது. கோடு முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவாக. நோக்கம் என்ன என்று ஒவ்வொருவராக ஆராய்ந்துகொண்டிருக்கத் தேர்தல் நாளில் நேரமில்லை.

ரைஃபிள் வைத்திருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள். தன் உரிமையைத்தான் பயன்படுத்துகிறேன் என்று அவர் மனதார நம்பலாம். ஆனால் எதிரே வருபவருக்கு அவர் மனம் தெரியாது, துப்பாக்கிதான் தெரியும். ஒரே கருத்து உடையவர்கள் கூடுமிடமாக இருந்தால் இது வேறு. வாக்குச்சாவடி என்பது எதிரிகளாகவே தம்மை எண்ணிக்கொள்பவர்கள் அடுத்தடுத்து வரிசையில் நிற்க வேண்டிய இடம். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள். அடையாள அட்டை தொடர்பாக வாக்குவாதம் வந்தால் முகம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மறைத்து வைத்த கைத்துப்பாக்கி? யாருக்கும் தெரியாததால் யாரும் பயப்பட மாட்டார்களே என்பார்கள். இதில் பாதி உண்மை. கொலராடோ 2022இல் கொண்டுவந்த சட்டம் வெளியே தெரியும் துப்பாக்கியை மட்டும் தடுத்தது அதனால்தான். ஆனால் உள்ளே துப்பாக்கி இருக்க அனுமதி உண்டு என்று தெரிந்தாலே வரிசையில் எழும் ஒவ்வொரு சச்சரவிலும் அந்த நினைப்பு நிற்கும். மாறாக, துரத்திவரும் முன்னாள் கணவனுக்கு அஞ்சிக் கைப்பையில் துப்பாக்கி வைத்திருக்கும் பெண்ணிடம் அதைக் காரில் பூட்டிவிட்டு வா என்பது உண்மையான இழப்பு. அதை மறுக்கத் தேவையில்லை. தபால் வாக்கு அவருக்குச் சிரமமின்றிக் கிடைக்க வேண்டும், சாவடியில் அவரைக் காக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். இதைச் செய்யாமல் தடை மட்டும் போடுகிற அரசு அவருக்கு அநீதி செய்கிறது.

சட்டத்தின் பக்கம் இப்போது பெரிய தடை இல்லை. பொது இடத்தில் துப்பாக்கி கொண்டுசெல்லும் உரிமையை 2022இல் விரிவாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, வாக்குச்சாவடியைத் தடைக்கு உரிய இடங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது. டெலவேர் 1776இலேயே தன் அரசமைப்பில் தேர்தலுக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது என்று எழுதியது. துப்பாக்கிப் பற்றுக்குப் பேர்போன டெக்சஸ் 1870இல் சாவடியைச் சுற்றி அரை மைல் வரை தடை போட்டது. உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல 2021இல் அனுமதித்த பிறகும் அங்கே சாவடியில் அதற்கு இடமில்லை.

தடை காக்கிச் சட்டைக்கும் பொருந்த வேண்டும். 1981 நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு, பணியில் இல்லாத காவலர்களைக் கைப்பட்டையோடும் இடுப்பில் துப்பாக்கியோடும் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் பகுதிச் சாவடிகளுக்கு அனுப்பியது. அந்தத் தேர்தல் 2,000க்கும் குறைவான வாக்குகளில் முடிவானது. அதையொட்டிய வழக்கில் 1982இல் ஏற்பட்ட உடன்பாடு கட்சியின் கைகளை 2018 வரை கட்டிவைத்தது. பென்சில்வேனியாவின் தேர்தல் சட்டம், வாக்களிப்பது, அமைதி காப்பது போன்ற சில காரணங்களுக்காக வந்தாலொழிய, காவலர்கள் சாவடியிலிருந்து 100 அடி தள்ளியே நிற்க வேண்டும் என்கிறது. அதே மாநிலத்தில் 2020 தேர்தலின்போது சாதாரணக் குடிமகன் துப்பாக்கியோடு சாவடிக்கு வருவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. காவலரைத் தள்ளி நிறுத்தும் அந்த 100 அடியை எல்லோருக்கும் உரியதாக்கி, தெருவோர வாக்குப் பெட்டிகளையும் அதற்குள் கொண்டுவருவதுதான் பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் அடுத்த தேர்தலுக்கு முன் செய்ய வேண்டிய வேலை.