ஓடைக்கரைச் சோலைக்கு யார் கூலி கொடுப்பது?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிக்கு மாதம் ஒருமுறை தேயிலை வாரியத்திடமிருந்து ஓர் எண் வரும். பச்சைத் தேயிலைக்கு அந்த மாதத்து விலை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரின் உரம், ஆள்கூலி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாமே அதை நம்பித்தான். கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023 செப்டம்பரில் படுகர் ஊர்களில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது கைக்குக் கிடைத்துவந்தது ஏறக்குறைய அதில் பாதி.

இதே விவசாயியிடம்தான் இன்னொரு பட்டியலையும் நீட்டுகிறோம். ஓடைக்கரையை விட்டுவை, களைக்கொல்லி அடிக்காதே, சில்வர் ஓக்கை விட்டுச் சோலை மரம் நடு, காட்டெருமை வந்தால் பொறுத்துக்கொள். பட்டியலில் தப்பு ஒன்றுமில்லை. 1986இல் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் இந்த நீலகிரி. நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவைக்கு இந்த மலையும் இதை ஒட்டிய மலைகளும் தவிர வேறு போக்கிடம் கிடையாது. சோலையும் புல்வெளியும் பிடித்துவைக்கும் தண்ணீர்தான் பவானியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. காக்க வேண்டுமா என்பதில் தகராறில்லை. செலவு யார் கணக்கில் ஏறுவது என்பதில்தான் வழக்கு.

சோலையையும் புல்வெளியையும் அழித்தவர்கள் யார் என்று பார்த்தால் கடைசி வரிசையில்தான் சிறு விவசாயி நிற்கிறார். வெள்ளையர் காலத்து எஸ்டேட்டுகளுக்காகச் சோலைகள் விழுந்தன. புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டு நிரப்பியது வனத்துறையேதான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியபோதும் காடுதான் இடம்விட்டது. அந்தக் குடும்பங்களின் நிலையை நினைத்தால் அதைக் குற்றம் என்று சொல்ல நாக்கு எழாது. சாமையும் கேழ்வரகும் விதைத்த படுகர்கள் உருளைக்கிழங்குக்கு மாறினார்கள். 1961இல் கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு இங்கே கண்டறியப்பட்டது. தேயிலை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காக ஏழை செய்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஊற்றுச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்துக் கேரட் போடுகிறவர் கீழ் ஊரின் தண்ணீரை எடுத்துக்கொள்கிறார். அங்கே இருப்பவரும் அரை ஏக்கர்க்காரர்தான். செங்குத்துச் சரிவை வெட்டித் திறந்தால் என்ன நடக்கும் என்பதை 2009 நவம்பர் மழையும் மண்சரிவுகளும் காட்டின. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊற்றைக் கெடுக்காமல் இருப்பதும் ஓடையில் விஷம் கலக்காமல் இருப்பதும் அண்டை வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை. இதற்கு யாரும் பணம் தர வேண்டியதில்லை.

காட்டெருமை விஷயம் வேறு. பனி விலகாத காலையில் பறிக்கப் போகும் பெண்கள், செடி வரிசைகளுக்கு நடுவே கருத்த முதுகுகளைப் பார்த்ததும் பாதையிலேயே நின்றுவிடுகிறார்கள். அது வருவது தேயிலைக்காக அல்ல, இடையில் முளைத்திருக்கும் புல்லுக்காக. கூட்டம் நகர்கிறவரை பறிப்பில்லை. நாள் தள்ளிப்போனால் கொழுந்து முற்றிவிடும், தொழிற்சாலையில் தரம் போதாது என்று விலையைக் குறைப்பார்கள். அரசின் இழப்பீடு உயிரிழப்பையும் காயத்தையும் பயிர்ச் சேதத்தையும் பார்க்கிறது. பறிக்காமல் போன நாள் எந்தத் தலைப்பிலும் அடங்குவதில்லை. புல்லைக் களைக்கொல்லியால் கருக்கிவிட்டால் காட்டெருமையும் குறையும், கூலியும் மிச்சம். அப்படிச் செய்யாதவர் ஊருக்காக நஷ்டப்படுகிறார். அந்த நஷ்டத்தை ஊர்தான் ஏற்க வேண்டும்.

சட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துக் குடகு சாட்சி. அங்கே நாட்டு மரத்தை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும், சில்வர் ஓக்குக்கு வேண்டாம். காபித் தோட்டக்காரர்கள் எதை நட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சந்தை வழியும் பாதிதான் போகிறது. இன்கோசர்வ் கூட்டுறவின் 16 தொழிற்சாலைகளில் சில ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் சூழல்காப்புச் சான்று பெற்றிருக்கின்றன. அதன் பச்சைத் தவளை முத்திரை பொட்டலத்தில் ஏறும். ஆனால் ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலு கிலோ இலை கொடுத்தவருக்கு, ஓடைக்கரையை விட்டுவைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் அதே மாத விலைதான்.

கோஸ்டா ரிக்கா 1997 முதல் எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை நிற்கவிடும் நில உடைமையாளருக்குக் கொடுக்கிறது. நீலகிரிக்கு ஏறும் வண்டிகளிடமும் பசுமை வரி வாங்கப்படுகிறது. அதிலிருந்து இப்படி ஒரு பங்கைப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் நிலப் பத்திரத்தில். கோஸ்டா ரிக்காவிலேயே தொடக்கத்தில் பெரிய நிலக்காரர்களுக்குத்தான் அதிகம் போய்ச் சேர்ந்தது. இங்கே தாத்தா பெயரில் கிடக்கும் கூட்டுப் பட்டாக்கள் ஒருபக்கம், கூடலூரில் ஜன்மம் எனும் பழைய நிலவுடைமை பற்றிய வழக்கு தீராமல் பட்டாவே இல்லாத குடும்பங்கள் மறுபக்கம். பட்டாவைக் கேட்டால் எஸ்டேட்டுகள்தான் முதலில் வந்து நிற்கும். ஓடைக்கரையில் எத்தனை மரம் நிற்கிறது என்பதை ஊர்க்கூட்டமே எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பட்டா இல்லாதவருக்கும் பணம் போய்ச் சேர வழி உண்டு.