சந்தைக்கு மட்டும் ஒரு சாமி

பங்குச்சந்தை சரிந்தால் மத்திய வங்கி தாங்கிப் பிடிக்கலாமா? மும்பைக்காரர்களின் கவலை என்று ஒதுக்காமல், பட்டாசு ஊரான எம். புதுப்பட்டியில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. இந்த வட்டாரத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னிக் கைகாய்த்த பெண்களுக்கு அந்த வாரங்களிலும் குழுக் கடன் தவணை வந்தது; தோடு அடகுக்குப் போனது. எந்த வங்கியும் அவசரக் கூட்டம் போடவில்லை.

சந்தைக்கோ வேறு நியாயம். 2020 ஏப்ரல் 23 அன்று மியூச்சுவல் ஃபண்டு நிறுவனமான ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. நான்கே நாளில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக 50,000 கோடி ரூபாய் கடன் வசதியை ரிசர்வ் வங்கி அறிவித்தது. கொரோனாவில் ஏழைக்கும் தவணை ஒத்திவைப்பு தந்தார்களே என்பீர்கள். தந்தார்கள், ஊர் மொத்தமும் முடங்கியபோது. சரம் பின்னுகிறவள் மட்டும் முடங்கிய 2018-இல் தரவில்லை.

நல்லவேளை, நம் ரிசர்வ் வங்கி பங்குகளை வாங்கிக் குவிக்கவில்லை. ஜப்பானின் மத்திய வங்கி 2010 முதல் பங்குச்சந்தை ஃபண்டுகளை வாங்கியது. வாங்கிய விலைக் கணக்கில் கையிருப்பு சுமார் 37 லட்சம் கோடி யென் ஆனது. 2025-இல் விற்க முடிவெடுத்தது, அதே கணக்கில் ஆண்டுக்கு 33,000 கோடி யென் வீதம். கணக்குப் போடுங்கள்: நூறாண்டுக்கு மேல் ஆகும்!

சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று தினமும் ஓதுகிறவர்களே, விழுந்த அன்று அரசிடம் ஓடுகிறார்கள். பக்தன் முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும் என்றால் அது என்ன சாமி? ஏறினால் சொந்தச் சாமர்த்தியம், இறங்கினால் தேச நலனாம்.

“தொழிலாளியின் பி.எஃப். பணமும் 2015 முதல் சந்தைக்குப் போகிறதே” என்பது கெட்டிக்கார வாதம். போகிறதுதான், ஒரு பகுதி. அவளைக் கேட்டா போட்டார்கள்? கேட்காமல் போட்டுவிட்டு, அவளைக் காப்பாற்றவே சந்தையைக் காப்பாற்றுகிறோம் என்பது பிணைக்கைதியைக் காட்டிப் பேரம் பேசுவது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கோ பல இடங்களில் பி.எஃப். கணக்கே கிடையாது.

வங்கிகளில் பணப் பட்டுவாடா நின்றுபோகாமல் காப்பது மத்திய வங்கியின் கடமை. அதற்குக் கடன் கொடுக்கட்டும். பங்கு விலைக்குப் பொதுப்பணத்தில் தரைபோட வேண்டும் என்கிறவர், சந்தை ஏறிய ஆண்டுகளின் லாபத்தில் புதுப்பட்டிக்குப் பங்கு எவ்வளவு என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும்.